பழைய ரைஃபிள் ட்ரிக்கர்ல அரத்தை வெக்கறதுக்கு முன்னாடி

சேலத்துல அப்பா காலத்துலருந்து துப்பாக்கி விக்கிறது, ரிப்பேர் பண்றது தான் எங்க தொழில். வருஷத்துக்கு ஒரு பத்து பேராச்சும் ஏற்காட்டுலருந்து கொண்டை ஊசி வளைவெல்லாம் இறங்கி வந்து, உறையிலருந்து தாத்தா ரைஃபிளை எடுத்து மேஜை மேல வெச்சுட்டு, "அண்ணா, ட்ரிக்கர் ரொம்ப டைட்டா இருக்கு, லேசு பண்ணி குடுங்க" அப்படிம்பாங்க. சமீபமா இது கொஞ்சம் கூடவே ஆயிடுச்சு. 2019ல ஆயுதச் சட்டத்தை திருத்தி ஒரு ஆளுக்கு மூணு துப்பாக்கின்னு இருந்ததை ரெண்டா கொறச்சாங்க இல்லையா, மூணாவதை குடுத்துட்டவங்க மிச்சம் வெச்சிருக்கறதை புதுசு மாதிரி ஆக்கணும்னு நினைக்கறாங்க, அதுக்கு மேல யூட்யூப் வேற. அமெரிக்காக்காரர் ஒருத்தர் சமையல் மேடைல வெச்சு பத்து நிமிஷத்துல ட்ரிக்கர் மாத்தறதை பாத்துட்டு நம்மாளு ஸ்க்ரூ ட்ரைவரை எடுத்துடறாரு.

போன டிசம்பர்ல நாகலூர் பக்கம் காபி எஸ்டேட் வெச்சிருக்க ஒரு தம்பி வந்தாப்ல. கையில மௌசர் 98 ஆக்‌ஷன்ல கட்டுன பழைய ரைஃபிள் (ஆக்‌ஷன்னா பின்னால இழுத்து தள்ற போல்ட்டும் அது ஓடற இரும்பு பாடியும்), அவங்க தாத்தா வாங்குனது. "ட்ரிக்கர் இழுக்கற எடையை ரெண்டு பவுண்டுக்கு கொண்டு வந்துடுங்கண்ணா" அப்படின்னாப்ல. வாங்குனதும் நான் பண்ற முத வேலை எப்பவும் ஒண்ணு தான், போல்ட்டை கழட்டி, தோட்டா உக்கார்ற சேம்பர்ல விரலை விட்டு பாக்கறது. காலின்னு எத்தனை பேரு சத்தியம் பண்ணாலும் நான் விரல் விட்டு பாப்பேன், அப்பா இருந்தவரைக்கும் நான் பாத்ததை அவரு இன்னொரு தடவை பாப்பாரு. அப்புறம் இழுக்கற எடையை காட்டற கேஜை மாட்டி இழுத்தா ஏழரை பவுண்டு காட்டுது, மூணே கால் கிலோவுக்கு மேல. அதுவும் ஒவ்வொரு இழுப்புக்கும் ஒவ்வொரு அளவு, ஒருக்கா ஏழு, ஒருக்கா எட்டு. இப்படி அளவு மாறுனாலே ஸ்ப்ரிங் மேல பழி போடக்கூடாது, உள்ள ஏதோ உரசுதுன்னு அர்த்தம்.

மரக்கட்டையை கழட்டுனேன். ஃபயரிங் பின்னை, அதாவது தோட்டாவை குத்தி வெடிக்க வெக்கற ஊசியை, பின்னால பிடிச்சு நிறுத்தற கொக்கிக்கு சியர்னு பேரு. அந்த சியர் பின்னை சுத்தி மஞ்சளா மெழுகு மாதிரி ஒண்ணு, அதுல காபி தொலி தூசி, நூல் பிசிறு, ஒரு செத்த எறும்பு எல்லாம் ஒட்டி கெடக்கு. மோந்து பாத்தா தேங்காயெண்ணெய். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு துடைச்சு பொட்டு வெச்சு எண்ணெய் விட்டுருக்காங்க, பக்தில குறை ஒண்ணும் இல்ல. ஆனா தேங்காயெண்ணெய் 24 டிகிரிக்கு கீழ போனாலே உறையும், ஏற்காடு 1500 மீட்டர் உசரத்துல இருக்கு, டிசம்பர் ராத்திரில 15க்கும் கீழ போயிடும், அப்ப ட்ரிக்கருக்குள்ள என்ன நடக்கும்னு சமையக்கட்டு பாட்டிலை பாத்தாலே தெரியும். சரி டைட்டா இருந்தா இருந்துட்டு போகுதுன்னு விட முடியாது, ஏன்னா அந்த உறைஞ்ச எண்ணெய் சியரை மேல ஏற விடாது. சியர் பாதி ஏறி நுனியில மட்டும் பிடிச்சிருந்தா, ஒரு தட்டு தட்டுனா போதும், ஃபயரிங் பின் தானா போயிடும். அதாவது ஒரே அழுக்கு ஒரு நாள் ட்ரிக்கரை டைட்டாக்கும், இன்னொரு நாள் விரலே வெக்காம வெடிக்க வெக்கும். மினரல் டர்பன்டைன்ல ஊறப்போட்டு, பல்லு பிரஷ்ஷால தேச்சு, நல்லா காத்தடிச்சு காய வெச்சு, பின்னுக்கு ஒரே ஒரு சொட்டு மெல்லிசான கன் ஆயில் வெச்சு திரும்ப மாட்டுனேன். நாலரை பவுண்டு, பத்து தடவை இழுத்தா பத்து தடவையும் அதே. அரம் தொடல, ஸ்ப்ரிங் மாத்தல. தம்பிக்கு கொஞ்சம் ஏமாத்தம் தான், ரெண்டு பவுண்டு கேட்டவராச்சே.

ரெண்டு பவுண்டு எதுக்குன்னு நானும் கேட்டேன். வனஉயிர் பாதுகாப்புச் சட்டத்தால வேட்டை எப்பவோ முடிஞ்சு போச்சு, இப்ப அந்த ரைஃபிள் வேலை செய்யறது சுட்டு பழகற ரேஞ்சுல, இல்லன்னா பாதுகாப்புக்குன்னு பீரோவுல. பெஞ்சு மேல மூட்டை வெச்சு சுடற மேட்ச் ரைஃபிளுக்கு வேணா ரெண்டு பவுண்டு பொருந்தும். பனியில விரல் மரத்து போயி நிக்கிற ஆளுக்கு ரெண்டு பவுண்டு ட்ரிக்கர்ல விரல் பட்டதே தெரியாது, சத்தம் கேட்ட பிறகு தான் தெரியும். நான் பழைய ரைஃபிள் எதையும் மூணரைக்கு கீழ கொறச்சு குடுக்கறதில்ல, இதுல சண்டை போட்டுட்டு போனவங்களும் உண்டு. இன்னொண்ணு, குறி தப்புதுன்னு ட்ரிக்கரை குறை சொல்றவங்க ரைஃபிள்ல பாதிக்கு மேல ஸ்கோப் மவுண்ட் ஸ்க்ரூ தான் லூசா இருக்கும்.

நம்ம ஊர்ல அதிகம் இருக்கற .315 பத்தி தனியா சொல்லணும். இஷாப்பூர் ஃபேக்டரி ரைஃபிள், லீ என்ஃபீல்ட்ங்கற பிரிட்டிஷ் மிலிட்டரி ரைஃபிள் வழி வந்த ஆக்‌ஷன். .303 மிலிட்டரி தோட்டாங்கறதால பொதுஜனத்துக்கு தர மாட்டாங்க, அதான் அதே மாதிரி ரைஃபிளை வேற தோட்டாவுக்கு கட்டி வித்தாங்க. இதுல ட்ரிக்கர் ரெண்டு கட்டமா வரும், முதல்ல லேசா கொஞ்ச தூரம், அப்புறம் ஒரு இடத்துல நிக்கும், அதுக்கு மேல அழுத்துனா தான் விடும். மிலிட்டரி கணக்குல அந்த ரெண்டாவது அழுத்தமே அஞ்சாறு பவுண்டு. புதுசா பழகறவங்க முதல் கட்டத்தை பாத்துட்டு "ட்ரிக்கர் தொளதொளன்னு ஆடுது, தேஞ்சு போச்சு" அப்படின்னு தூக்கிட்டு வருவாங்க. அது தேய்மானம் இல்லீங்க, அப்படி தான் செஞ்சிருக்காங்க. அந்த ஆட்டத்தை எடுக்கறேன்னு ஸ்க்ரூவோ வெல்டிங் புள்ளியோ வெச்சா சியர் பிடிமானத்தையும் சேத்து தான் எடுக்கறீங்க.

அதைவிட பெரிய விஷயம், இந்த வகைல ட்ரிக்கர் மேல இருக்கற இரும்பு பாடில மாட்டியிருக்காது, கீழ ட்ரிக்கரை சுத்தி இருக்கற வளையத்துல, அதாவது ட்ரிக்கர் கார்டுல, பின் போட்டு தொங்கும். சியர் மேல பாடில, ட்ரிக்கர் கீழ கார்டுல, நடுவுல இருக்கறது மரக்கட்டை. மழைக்காலத்துல மலையில மாசக்கணக்கா மூடுபனி, கட்டை ஈரம் குடிச்சு ஊதும், சித்திரை வெயில்ல சேலத்துக்கு எடுத்துட்டு வந்தா சுருங்கும், கட்டை ஊதி சுருங்க ரெண்டுக்கும் இடையில இருக்கற தூரமும் மாறும், ட்ரிக்கர் அளவும் கூடவே மாறும். பிரிட்டிஷ்காரனுக்கே இது தலைவலியா இருந்து தான் 1949ல வந்த லீ என்ஃபீல்ட் நம்பர் 4 மார்க் 2ல ட்ரிக்கரை பாடிலயே தொங்க விட்டாங்க. ஆனா நம்மகிட்ட இருக்கறது பழைய பாணி. அதனால ஐப்பசில வந்து ட்ரிக்கர் சரியில்லம்பாங்க, அட்ஜஸ்ட் பண்ணி குடுத்தா பங்குனில வேற மாதிரி ஆயிட்டு திரும்ப வருவாங்க. முன் ஸ்க்ரூவை சுத்தி ஒரு சின்ன இரும்பு காலர் இருக்கணும், மரம் நசுங்காம தாங்கறது அது தான், பல ரைஃபிள்ல யாரோ கழட்டி தொலைச்சிருப்பாங்க. முதல்ல அதை போட்டு, கட்டைக்கு உள்பக்கம் எண்ணெய் ஏத்தி ஈரம் பிடிக்காம பண்ணிட்டு, அப்புறம் தான் ட்ரிக்கர் பேச்சு.

இப்ப செவ்வாப்பேட்டை கதை. அடிவாரத்துக்காரர் ஒருத்தர், .315 வெச்சிருக்கறவர், சொந்தக்காரங்க கொலுசு பட்டறைல பஃப் மெஷின் இருக்கேன்னு சியரையும், அது பிடிக்கற காக்கிங் பீஸையும் (ஃபயரிங் பின்னோட வால் பக்க துண்டு) கழட்டி குடுத்துருக்காரு. பட்டறைக்காரர் மேல தப்பே இல்ல, வெள்ளி மாதிரி மினுமினுன்னு பண்ணி குடுத்துட்டாரு. முகம் பாக்கலாம். மூலை எல்லாம் உருண்டு போச்சு. என்கிட்ட கொண்டு வந்தது "இப்ப சூப்பரா இருக்குண்ணா, ஒருக்கா செக் மட்டும் பண்ணி குடுங்க" அப்படின்னு. காலி சேம்பரோட போல்ட்டை கொஞ்சம் வேகமா தள்ளுனேன், ஃபயரிங் பின் போல்ட் கூடவே போயிடுச்சு. திரும்ப மெதுவா மடக்குனேன், நின்னுச்சு. கட்டை அடியில ரப்பர் சுத்தியால ஒரு தட்டு. டிக். அவரு மூஞ்சி மாறுனதை பாக்கணுமே, மூணு நாளா அந்த ரைஃபிளை மகசின்ல தோட்டாவோட வெச்சிருந்துருக்காரு.

சியர் முனை முழுசும் ஒரே கெட்டி இரும்புன்னு நினைக்காதீங்க. மேல் தோல் மட்டும் தான் கெட்டியாக்கி இருக்கும், மயிரிழை கனம்னு வெச்சுக்கங்க, உள்ள சாதா இரும்பு. அரமோ எமரியோ பஃப்போ அந்த தோலை தாண்டிடுச்சுன்னா, அன்னிக்கு வழவழன்னு அருமையா இழுக்கும், ஆனா அம்பது நூறு தடவைல உள் இரும்பு மழுங்கி நழுவ ஆரம்பிச்சுடும். கோணமும் முக்கியம், சியர் முகமும் காக்கிங் பீஸ் முகமும் ஒண்ணையொண்ணு உள்ள இழுத்துக்கற மாதிரி இருக்கணும், வெளிய தள்ற மாதிரி ஒரு துளி சாஞ்சாலும் அது துப்பாக்கி இல்ல, எலிப்பொறி. எண்ணெய்க்கல்லுல, கோணம் மாறாம பிடிக்கற ஜிக் வெச்சு ரெண்டு இழுப்பு இழுக்கறதுக்கே நான் அரை நாள் யோசிப்பேன்.

அப்ப புது ட்ரிக்கரே வாங்கி மாட்டிடலாமேன்னு கேப்பீங்க. மௌசருக்கு டிம்னி மாதிரி கம்பெனிங்க 1946லருந்தே செய்யறாங்க, நல்ல சாமான் தான். எடைக்கு ஒரு ஸ்க்ரூ, சியர் பிடிமானத்துக்கு ஒண்ணு, விட்ட பிறகு எவ்வளவு தூரம் போகணும்ங்கறதுக்கு ஒண்ணு. ஆனா நம்ம சட்டத்துல துப்பாக்கி பாகமும் ஆயுதம் தான், இறக்குமதிக்கு லைசன்ஸ் வேணும், வெளிநாட்டுலருந்து வர்ற மச்சான் சூட்கேஸ்ல போட்டு கொண்டாறது எல்லாம் ஏர்போர்ட்லயே முடிஞ்சுடும். ரிப்பேர் பண்றதுக்கும் தனி லைசன்ஸ், லேத்து பட்டறைல குடுத்தா அவரையும் சேத்து மாட்டி விடறீங்க. சரி முறையாவே வந்துச்சுன்னு வெச்சாலும், மௌசர்ல சேஃப்டி ட்ரிக்கர்ல இல்ல, பின்னாடி போல்ட்ல இருக்கு. சேஃப்டியை திருப்புனா அது காக்கிங் பீஸை ஒரு நூல் பின்னால இழுத்து சியர்லருந்து தூக்கி பிடிக்கும். புது ட்ரிக்கரோட சியர் அந்த நூல் அளவு முன்ன பின்ன இருந்தா சேஃப்டி தூக்காம சும்மா திரும்பும், அப்ப சேஃப்டி போட்டு ஒருக்கா ட்ரிக்கரை இழுத்துட்டு, விரலை எடுத்துட்டு, பிறகு சேஃப்டியை விட்டீங்கன்னா தானா வெடிக்கும். இதை ஒவ்வொரு ரைஃபிளுக்கும் தனித்தனியா பொருத்தணும்.

ஃபேக்டரி ட்ரிக்கரே கைபடாம இருந்தா நல்லதுன்னும் கண்ணை மூடி சொல்ல மாட்டேன். ரெமிங்டன் 700 சில வீட்டுல இருக்கு, 1962ல வந்த மாடல். அதுல மைக் வாக்கர் டிசைன் பண்ண ட்ரிக்கர், ட்ரிக்கருக்கும் சியருக்கும் நடுவுல கனெக்டர்னு ஒரு சின்ன துண்டு தனியா நிக்கும், ஒவ்வொரு தடவை சுடும்போதும் அது விலகி திரும்ப வந்து உக்காரும். அந்த இடைவெளில தூசியோ காஞ்ச எண்ணெயோ சிக்குனா முழுசா உக்காராது. அமெரிக்காவுல வருஷக்கணக்கா கேஸ் நடந்து, கம்பெனி டிசைன்ல தப்பு இல்லன்னே சொன்னாலும், சமரசத்துல ட்ரிக்கரை சும்மா மாத்தி தர ஒத்துக்கிட்டாங்க. அந்த வாக்கர் ட்ரிக்கருக்கு பதிலா வந்த எக்ஸ் மார்க் ப்ரோ ட்ரிக்கரையும் 2014ல திரும்ப கூப்பிட்டாங்க. 1982க்கு முந்தின 700ல இன்னொரு வம்பு, சேஃப்டி போட்டா போல்ட் பூட்டிக்கும், தோட்டாவை எடுக்கணும்னா சேஃப்டியை விட்டே ஆகணும். அதனால அந்த ரைஃபிள் வீட்டுல இருக்கறவங்க காலி பண்ணும்போது குழல் எந்த பக்கம் பாக்குதுன்னு ரெண்டு மடங்கு கவனமா இருங்க.

பர்னோங்கற செக் நாட்டு ரைஃபிள் வெச்சிருக்கவங்களுக்கு ஒரு வரி. அதுல வர்ற செட் ட்ரிக்கரை முன்கூட்டியே செட் பண்ணா லேசா தொட்டாலே விடும், இழுக்கற எடை அவுன்ஸ் கணக்குல தான் இருக்கும், அது ரிப்பேர் இல்ல, செட் பண்ணி வெச்சுட்டு நடக்காதீங்க.

வீட்டுலயே பாக்கணும்னா இவ்வளவு தான் பாக்கலாம். தோட்டா எல்லாம் வேற ரூம்ல, சேம்பரும் மகசினும் காலி, குழல் மண் சுவரை பாத்து. போல்ட்டை வேகமா மூடி பாருங்க, அடிக்கட்டையை உள்ளங்கையால நல்லா தட்டி பாருங்க, சேஃப்டி போட்டு ட்ரிக்கரை இழுத்து விட்டு, விரலை எடுத்துட்டு சேஃப்டியை விட்டு பாருங்க. இதுல எதுலயாச்சும் டிக்னு விழுந்தா ஸ்க்ரூ ட்ரைவரை தேடாதீங்க, போல்ட்டை கழட்டி தனியா பூட்டி வெச்சுட்டு லைசன்ஸ் புக்கோட லைசன்ஸ் இருக்கற ரிப்பேர்காரர்கிட்ட கொண்டு போங்க. எலக்‌ஷன் நேரத்துல துப்பாக்கியை ஒப்படைச்சு டெபாசிட் பண்ணிட்டு மாசக்கணக்கா கழிச்சு திரும்ப வாங்கறப்பவும் இதையே ஒருக்கா பண்ணிடுங்க, அங்க ஈரம் எப்படி, யாரு எடுத்து பாத்தாங்க எதுவும் நமக்கு தெரியாது.

செவ்வாப்பேட்டைல பஃப் போட்ட .315க்கு காக்கிங் பீஸ் கிடைச்சுடுச்சு, சியர் இன்னும் கிடைக்கல. ரைஃபிள் ரேக்குல சிவப்பு டேக்கோட நிக்குது, போல்ட் என் லாக்கர்ல. ஞாயித்துக்கிழமை ஆனா அவரு போன் பண்ணி, "அந்த பழைய சியரையே வெல்டு வெச்சு ஏத்தி தர முடியாதாண்ணா" அப்படிம்பாரு, நானும் வாரா வாரம் முடியாதுங்கன்னு சொல்லிட்டு இருக்கேன்.