ஸ்வீட் கார்னை எதற்கு அரை மணி நேரம் வேகவைக்க வேண்டும்?

மக்காச்சோளக் கதிரைப் பாத்திரத்தில் போட்டு அரை மணி நேரம் கொதிக்கவிடும் வழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. ஸ்வீட் கார்னுக்கு அது தேவையே இல்லை. தண்ணீர் நன்றாகக் கொதித்த பிறகு கதிரைப் போட்டு ஐந்து நிமிடம், கதிர் பெரிதாக இருந்தால் ஏழு நிமிடம், போதும். அதற்கு மேல் அடுப்பில் இருக்கும் ஒவ்வொரு நிமிடமும் ருசிக்கு நஷ்டம்தான்.

காரணம் முத்துக்குள்ளேயே இருக்கிறது. முற்றிக் காய்ந்த மக்காச்சோளம் வேக வேண்டுமென்றால் முதலில் அது தண்ணீரை உறிஞ்சியாக வேண்டும், அதற்குத்தான் மணிக்கணக்கில் ஆகிறது. ஸ்வீட் கார்னை அப்படி முற்ற விடுவதில்லை, கதிரில் நார் வெளியே வந்து சுமார் மூன்று வாரத்தில், முத்து பால் பிடித்திருக்கும்போதே பறித்துவிடுகிறார்கள். நகத்தால் கீறினால் பால் மாதிரி வருமே, அந்தப் பருவம். அப்போது முத்தின் எடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர். வேகத் தேவையான தண்ணீர் உள்ளேயே இருப்பதால் வெளியிலிருந்து சூடு மட்டும் போய்ச் சேர்ந்தால் போதும்.

சூடு உள்ளே போனதும் இரண்டு வேலைகள் நடக்கின்றன, இரண்டும் ஒரே வெப்பநிலையில் நடப்பதில்லை என்பதுதான் இதில் முக்கியமான விஷயம். ஏறக்குறைய 62 முதல் 72 டிகிரி செல்சியஸுக்குள் மாவுச்சத்துத் துகள்கள் தண்ணீரை இழுத்து உப்பி, கூழாகிவிடுகின்றன. பச்சை வாசனையும் மாவு ருசியும் போவது இங்கேதான். செல்களை ஒன்றோடொன்று ஒட்டி வைத்திருக்கும் பெக்டின் கரையத் தொடங்குவது அதற்கும் மேலே, சுமார் 80 டிகிரியைத் தாண்டிய பிறகு. மாவு வெந்திருக்க வேண்டும், பெக்டின் அதிகம் கரைந்திருக்கக் கூடாது, அப்போதுதான் கடிக்கும்போது முத்து 'டப்'பென்று உடைந்து சாறு வரும். நெடுநேரம் கொதித்த கதிரில் செல்கள் பிரிந்து உள்ளே கொழகொழவென்று ஆகிவிடும், மேல்தோல் மட்டும் பல்லில் மாட்டும். இதைத் தவிர்க்க எளிய வழி ஒன்று உண்டு: நிறையத் தண்ணீரைக் கொதிக்கவைத்து, கதிரைப் போட்டு, அடுப்பை அணைத்து, பத்து நிமிடம் மூடி வைத்துவிடுங்கள். தண்ணீரின் சூடு மெல்ல இறங்கிக்கொண்டே வரும், கதிர் தானாகப் பதமாக வெந்திருக்கும்.

இனிப்பின் கதை வேறு. பறித்த பிறகும் முத்துக்குள் இருக்கும் நொதிகள் சும்மா இருப்பதில்லை, சர்க்கரையை மாவுச்சத்தாக மாற்றிக்கொண்டே இருக்கின்றன. பழைய ரகங்களில் 30 டிகிரி வெயிலில் ஒரே நாளில் பாதிக்கு மேல் சர்க்கரை போய்விடும், 0 டிகிரிக்குப் பக்கத்தில் வைத்தால் இழப்பு 6 சதவீதம் போலத்தான். 1950களில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் லாஃப்னன், மாவுச்சத்து உருவாவதைத் தடுக்கும் ஒரு மரபணு மாற்றம் கொண்ட மக்காச்சோளத்தில் இனிப்பு மிக அதிகமாக இருப்பதைக் கவனித்தார். மாவு குறைவு என்பதால் காய்ந்தால் அதன் விதை சுருங்கிப்போகும். இன்றைய 'சூப்பர் ஸ்வீட்' ரகங்களில் பலவும் அந்த வழியில் வந்தவை. அவற்றின் இனிப்பு ஃப்ரிட்ஜில் பல நாள் தாங்கும், ஆனால் பழைய ரகத்தில் இருந்த அந்த வெண்ணெய் போன்ற வழவழப்பு இவற்றில் குறைவு, எனக்கு அதில் வருத்தம் உண்டு.

சரி, உடம்புக்கு எப்படி? வேகவைத்த 100 கிராம் முத்தில் சுமார் 96 கலோரி, 3 கிராமுக்குச் சற்று மேல் புரதம், 2 கிராமுக்கு மேல் நார்ச்சத்து. பக்க உணவாக வைக்க நல்ல பொருள்தான், ஆனால் இதைக் காய்கறிக் கணக்கில் சேர்க்காதீர்கள். இது மாவுச்சத்து உணவு. கதிர் தட்டுக்கு வரும்போது வேறு மாவுப் பண்டத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வதுதான் முறை, சர்க்கரை நோய் உள்ளவர்கள் அவசியம் செய்ய வேண்டும்.

வேகவைத்தால் சத்தெல்லாம் போய்விடும் என்று பயப்பட வேண்டாம். கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2002இல் வெளியிட்ட ஆய்வில், ஸ்வீட் கார்னை 115 டிகிரியில் 25 நிமிடம் சூடாக்கியபோது வைட்டமின் சி கால் பங்கு குறைந்தது, ஆனால் செல் சுவரோடு பிணைந்து கிடந்த ஃபெருலிக் அமிலம் என்ற ஆக்சிஜனேற்றத் தடுப்புப் பொருள் (ஆன்டிஆக்சிடன்ட்) பல மடங்கு விடுபட்டு வந்தது, மொத்த ஆக்சிஜனேற்றத் தடுப்புத் திறன் 44 சதவீதம் கூடியது. அது டப்பாவில் அடைக்கும் ஆலைகளின் சூடு, வீட்டுக் கொதிநீர் அந்த அளவுக்குப் போகாது. அதனால் இதைச் சாக்காக வைத்துக்கொண்டு கதிரைக் குழைய வேகவைக்க வேண்டாம். முழுக் கதிராக வேகும்போது முத்துகளின் தோல் உடையாமல் இருப்பதால் நீரில் கரையும் சத்துகள் அவ்வளவாக வெளியேறுவதில்லை, உதிர்த்துக் கொதிக்கவிடுவதைவிட இது மேல்.

அப்புறம், மஞ்சள் நிறம் தரும் லூட்டின், ஜியாசாந்தின் இரண்டும் விழித்திரையில் சேர்பவை, கொழுப்பில்தான் கரையும். ஆகவே சூடான கதிரில் ஒரு சிறு துண்டு வெண்ணெயோ கொஞ்சம் எண்ணெயோ தடவினால் தப்பில்லை, அந்தச் சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள அது உதவும். உப்பைக் கொதிக்கிற தண்ணீரில் கொட்டுவது வீண், முத்தின் தோல் அதை உள்ளே அதிகம் விடாது. வெந்த பிறகு மேலே தூவினால் நாக்கில் நேராகப் படும், கொஞ்சமே போதும். நன்றாக மென்று தின்னுங்கள்: தோலில் இருக்கும் செல்லுலோஸை நம் குடல் செரிக்காது, தோல் உடையாமல் விழுங்கிய முத்து அப்படியே வெளியே போய்விடும்.

ஒரே ஒரு கதிர்தான் என்றால் மைக்ரோவேவே எளிது. மட்டையை உரிக்காமல் மூன்று நான்கு நிமிடம் வைத்தால் முத்தின் ஈரமே ஆவியாகி உள்ளே சுற்றி வேகவைத்துவிடும். பிறகு காம்புப் பக்கம் முத்து தொடங்கும் இடத்தில் குறுக்கே வெட்டி, நுனியைத் துணியால் பிடித்து உதறினால் கதிர் வழுக்கிக்கொண்டு வெளியே வரும், நார் பெரும்பாலும் மட்டையோடே தங்கிவிடும்.