ஓடமுதல் ஸ்ட்ரெச் செய்தனான் அக்கா

ஓடிக் காலை நோகவைத்துக்கொண்டு வந்தவர்களில் இந்த மாதத்தில் மூன்றாவது ஆள். பொலிஸ் தெரிவுக்காகக் கொழும்பு மரைன் டிரைவில் ஓடிப் பழகும் தம்பி, வெள்ளவத்தையில் என்னிடம் சிகிச்சைக்கு நொண்டிக்கொண்டு வந்தார். கணைக்கால் எலும்பில் ஓரிடத்தை விரல்நுனியால் தொட்டுக் காட்டினார். அழுத்தியதும் கட்டிலை விட்டு எழும்பியே விட்டார். தசைப்பிடிப்பு என்றால் வலி பெரும்பாலும் பரவலாக இருக்கும். இப்படி ஒரு விரலால் தொட்டுக் காட்டினால் எனக்கு வயிற்றைக் கலக்கும். எலும்பில் மயிர்க்கீறல் தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகும். இவரோ "எக்ஸ்ரே கிளியர்" என்று இன்னும் இரண்டு வாரம் ஓடியிருக்கிறார்.

"ஓடமுதல் வடிவா ஸ்ட்ரெச் செய்தனான் அக்கா!"

எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள். சரி, கேளுங்கள். ஆஸ்திரேலிய இராணுவத்தில் புதிதாகச் சேர்ந்த 1,538 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு மட்டும் பயிற்சிக்கு முன் கால்களை இழுத்து நீட்டச் சொன்னார்கள். உடம்பைச் சூடாக்குவது இரு பிரிவுக்கும் உண்டு. 12 வாரப் பயிற்சி. 2000இல் வந்த முடிவு: கால் காயங்களில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. நீட்டுவது பாவமில்லை, இதமாகவும் இருக்கும். ஆனால் அது காப்புறுதிப் பத்திரம் இல்லை.

பிரித்தானிய இராணுவத்தில் தொடை, இடுப்புத் தசைகளைப் பலப்படுத்தும் பயிற்சிகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். (நீட்டலும் இருந்தது, மறைக்கவில்லை.) முழங்கால் முன்பக்க வலி 75 வீதம் குறைந்ததாக 2011இல் எழுதினார்கள்.

தம்பியைப் படியில் நிறுத்தி, நல்ல காலை ஊன்றி மெதுவாக இறங்கச் சொன்னேன். முழங்கால் உள்ளே சரிந்தது, இடுப்பு ஒருபக்கம் தொங்கியது. நல்ல காலே இப்படி! கண்ணாடியில் பார்த்துவிட்டு அவரே சிரித்தார். ஆனால் பெரிய பிழை வேறு. ஓடாதிருந்தவர் ஒரே வாரத்தில் நாளுக்கு ஐந்து கிலோமீற்றருக்குப் போயிருக்கிறார். மூச்சு சீக்கிரம் பழகிவிடும், எலும்பு பழகாது.

தயவுசெய்து, விண்ணப்பம் போடும் அன்றே மெல்ல ஆரம்பியுங்கள், கடைசி மாதத்தில் அல்ல. ஒருநாள் ஓடினால் மறுநாள் படி இறங்கல், குந்தி எழும்பல், துள்ளிச் சத்தமில்லாமல் தரையிறங்கல். முழங்கால் பாதத்துக்கு நேராக இருக்கட்டும். எலும்பில் ஓரிடத்தில் நோகிறதா, அன்றோடு ஓட்டத்தை நிறுத்துங்கள். தைலம் பூசிக்கொண்டு ஓடிவிட்டு என்னிடம் வந்தால் ஏச்சு நிச்சயம்.