ஜிப் ஃபைலின் வாலைப் படிக்கும் எக்ஸ்ப்ளோரர்

2 ஜிபி ஜிப் ஃபைல் ஒன்றை விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரில் டபுள் கிளிக் செய்து பாருங்கள். உள்ளே இருக்கும் ஃபைல்களின் பெயர், அளவு, தேதி எல்லாம் சட்டென்று வந்து நிற்கும். அதற்குள் 2 ஜிபியையும் பிரித்துப் பார்த்துவிட்டதா என்றால், இல்லை. கடைசியில் உள்ள கொஞ்ச பைட்டுகளை மட்டும்தான் படித்திருக்கிறது.

1989-இல் அமெரிக்க நிரலாளர் பில் காட்ஸ் கொண்டுவந்த ஜிப் வடிவத்தில் உள்ளடக்கப் பட்டியல் வால்பக்கம் இருக்கிறது. எக்ஸ்ப்ளோரர் ஃபைலின் கடைசியிலிருந்து பின்னோக்கித் தேடி, 22 பைட் முடிவுக் குறிப்பு ஒன்றைப் பிடிக்கும். பட்டியல் எங்கே தொடங்குகிறது என்பது அதில் இருக்கும். பட்டியலுக்குப் போனால், எந்த ஃபைல் எத்தனையாவது பைட்டில் கிடக்கிறது என்ற விவரம் கைக்கு வந்துவிடும். டவுன்லோட் 99 சதவீதத்தில் அறுந்துபோனாலும் ஜிப் திறக்க மறுப்பது இதனால்தான்: கடைசியாக வரவேண்டிய பட்டியலே வந்து சேரவில்லை.

ஜிப்பில் ஒவ்வொரு ஃபைலும் தனித்தனியாகச் சுருக்கப்பட்டிருப்பதால், கேட்டதை மட்டும் விரித்துக் கொடுக்க முடிகிறது. லினக்ஸ்காரர்கள் புழங்கும் டார்-ஜீஜிப் (.tar.gz) என்ற சுருக்க வகை அப்படியல்ல. எல்லாவற்றையும் ஒரே நீளமாகக் கோத்த பிறகே சுருக்குவதால், கடைசி ஃபைல் வேண்டுமென்றாலும் முதலிலிருந்து விரித்துக்கொண்டே வரவேண்டும். டார், ஆர்ஏஆர், 7-ஜிப் வகைகளையும் விண்டோஸ் 11 தானாகத் திறக்கத் தொடங்கியது 2023-இல். அதற்குக் கைகொடுத்தது லிப்ஆர்க்கைவ் என்ற திறந்தமூல நிரல்தொகுப்பு.

பார்ப்பதற்கு ஃபோல்டர் போலவே இருப்பதுதான் இதில் உள்ள வம்பு. ஜிப்புக்குள்ளிருந்தே ஒரு வலைப்பக்க ஃபைலைத் திறந்தால் எழுத்து வரும், படங்கள் வராது. எக்ஸ்ப்ளோரர் அந்த ஒரு ஃபைலை மட்டும் டெம்ப் என்ற தற்காலிக ஃபோல்டரில் விரித்து பிரவுசரிடம் கொடுக்கிறது. பக்கத்திலிருந்த படங்கள் ஜிப்புக்குள்ளேயே தங்கிவிடுகின்றன. சில செட்டப் ஃபைல்கள் 'டிஎல்எல் காணவில்லை', அதாவது துணை நிரல் ஃபைலைக் காணவில்லை, என்று முரண்டு பிடிப்பதும் இப்படித்தான். 'எக்ஸ்ட்ராக்ட் ஆல்' கொடுத்துவிட்டு வேலையைத் தொடங்குவதே நல்லது, முக்கியமாக எதையாவது திருத்திச் சேமிக்கப் போகிறீர்கள் என்றால்.

பாஸ்வேர்ட் போட்ட ஜிப்பிலும் பெயர்கள் அப்படியே தெரிவதைப் பலர் கவனித்திருக்கமாட்டார்கள். வழக்கமான ஜிப்பில் பூட்டு விழுவது ஃபைலின் உள்ளடக்கத்துக்குத்தான். பட்டியல் திறந்தே கிடக்கும். 'ராஜினாமா கடிதம்' என்று பெயர் வைத்துப் பூட்டினால், கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது மட்டும்தான் ரகசியம்.