அடிபட்டவரைத் தூக்கி வந்தவரை நிறுத்திவைக்க யாருக்கும் அதிகாரம் இல்லை

சாலையில் அடிபட்டுக் கிடப்பவரைத் தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்து மருத்துவமனையில் சேர்ப்பதற்குப் பெரிய படிப்பெல்லாம் தேவையில்லை. ஆனால் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டு வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர் என்ற முறையில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது, அப்படித் தூக்கி வந்தவரை மருத்துவமனை, காவல் நிலையம், நீதிமன்றம் என்று மூன்று இடங்களும் மாறி மாறி அலைக்கழிப்பதைத்தான். இதற்குச் சட்டத்தைக் குறை சொல்ல முடியாது. உதவுகிறவரைக் காக்கும் சட்டம் சில ஆண்டுகளாகவே நடைமுறையில் இருக்கிறது. அது இருப்பது கவுன்ட்டரில் உட்கார்ந்திருப்பவருக்கும் தெரிவதில்லை, உதவ வந்தவருக்கும் தெரிவதில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு லோடு ஆட்டோ ஓட்டுநருக்கு நடந்ததைச் சொல்கிறேன். காய்கறிச் சந்தைக்கு விடியற்காலையில் போய்க்கொண்டிருந்தவர், நெடுஞ்சாலை ஓரத்தில் இருசக்கர வாகனத்தோடு விழுந்து கிடந்த கல்லூரி மாணவரைப் பார்த்து நிறுத்தினார். காலி டிரேக்களை ஒரு பக்கம் ஒதுக்கி, மாணவரைப் பின்னால் படுக்க வைத்து, வழியில் இருந்த தனியார் மருத்துவமனைக்குக் கொண்டு போனார். அங்கே முன்பணம் கட்டச் சொன்னார்கள். தான் உறவினர் இல்லை என்று சொன்னதும், போலீஸ் வரும் வரை போகக் கூடாது என்றார்கள். போலீஸ் வந்தபோது ஆட்டோவின் பின்பலகையில் ரத்தம் இருந்தது. மோதியதே இவர்தானோ என்ற சந்தேகத்துக்கு அது போதுமானதாக இருந்தது. வண்டி நிலையத்துக்குப் போனது. மோட்டார் வாகன ஆய்வாளர் பார்த்துச் சான்று தரும் வரை அங்கேயே நின்றது. அன்றாடம் லோடு அடித்தால்தான் தவணை கட்ட முடியும் என்ற நிலையில் இருக்கும் மனிதர் அவர். பிறகு அந்த மாணவரின் இழப்பீட்டு வழக்கில் அவரைச் சாட்சியாக அழைக்கப் போனபோது, “அடுத்த தடவை இப்படிப் பார்த்தா 108-க்குப் போன் பண்ணிட்டுப் போய்க்கிட்டே இருப்பேன் சார்” என்றார். அவரிடம் எனக்குக் கோபம் வரவில்லை. அப்படிச் சொல்லும் நிலைக்கு அவரைத் தள்ளியவர்கள் மீதுதான் கோபம் வந்தது.

இந்த நோய் புதிதல்ல. 1989-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பரமானந்த் கட்டாரா வழக்கின் பின்னணியைப் பாருங்கள். கார் மோதி விழுந்த ஒரு ஸ்கூட்டர் ஓட்டியை வழிப்போக்கர் ஒருவர் பக்கத்து மருத்துவமனைக்குக் கொண்டு போகிறார். போலீஸ் தொடர்புள்ள வழக்குகளைப் பார்க்க அனுமதி பெற்ற மருத்துவமனை சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, அங்கே போங்கள் என்று திருப்பி அனுப்புகிறார்கள். போகும் வழியிலேயே அவர் இறந்துவிடுகிறார். உயிரைக் காப்பதுதான் முதல் கடமை, சட்ட நடைமுறைகள் அதற்குப் பிறகுதான் என்று நீதிமன்றம் அன்றைக்கே சொல்லிவிட்டது. மருத்துவர்களைத் தேவையில்லாமல் சாட்சிக் கூண்டுக்கு இழுத்து அலைக்கழிக்க வேண்டாம் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. சிகிச்சை தந்த மருத்துவரும் இந்த அமைப்பில் தண்டனை அனுபவிப்பவர்தான் என்பதை நீதிபதிகள் உணர்ந்திருந்தார்கள். பின்னர் மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆவது பிரிவு, எந்தச் சடங்குக்கும் காத்திராமல் உடனே சிகிச்சை தருவதைப் பணியில் இருக்கும் மருத்துவரின் கடமையாகவே ஆக்கியது.

ஆனால் தூக்கி வந்தவருக்கு என்று தனிப் பாதுகாப்பு வருவதற்கு மேலும் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆனது. 2008-ல் டெல்லியில் ஒரு பள்ளி மாணவர் விபத்தில் அடிபட்டு, பலர் பார்த்தும் யாரும் மருத்துவமனைக்குக் கொண்டு போகாததால் சாலையோரத்திலேயே உயிரிழந்தார். அவருடைய உறவினர் பியூஷ் திவாரி தொடங்கிய சேவ்லைஃப் ஃபவுண்டேஷன் உச்ச நீதிமன்றத்தை நாடியது. அந்த அமைப்பு 2013-ல் பல நகரங்களில் நடத்திய ஆய்வில், விபத்தில் சிக்கியவருக்கு உதவ முன்வர மாட்டோம் என்ற மனநிலையில் 74 சதவீதம் பேர் இருந்தார்கள். தயங்கியவர்களில் 88 சதவீதம் பேர் சொன்ன காரணம் போலீஸ் விசாரணை, கோர்ட் அலைச்சல் போன்ற சட்டச் சிக்கல். இந்த எண்களை வைத்து நம் மக்களுக்கு ஈரமில்லை என்று சிலர் முடிவு கட்டுகிறார்கள். எனக்கு அது தவறாகவே படுகிறது. உதவினால் என்ன நேரும் என்பதைப் பார்த்தும் கேட்டும் தெரிந்துகொண்டவர்கள் ஒதுங்கிப் போகிறார்கள், அவ்வளவுதான்.

அந்த வழக்கின் விளைவாக மத்திய அரசு 2015 மே மாதத்தில் வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. 2016 மார்ச் 30 அன்று உச்ச நீதிமன்றம் அவற்றை நாடு முழுவதும் கட்டுப்படுத்தும் ஆணையாக ஆக்கியது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. 2020 செப்டம்பரில் அதற்கான விதிகள் வந்தன. பலனை எதிர்பார்க்காமல், நல்லெண்ணத்தோடு, தானாக முன்வந்து உதவுகிறவரை இச்சட்டம் ‘நல்ல சமாரியர்’ என்று அழைக்கிறது. அவர் தூக்கும்போதோ கொண்டுபோகும்போதோ கவனக்குறைவால் காயம் கூடினாலும், அடிபட்டவர் இறந்தே போனாலும்கூட, அவர் மீது உரிமையியல் வழக்கும் போட முடியாது, குற்றவியல் வழக்கும் போட முடியாது. ‘நான் தூக்கி ஏதாவது ஆகிவிட்டால்?’ என்று தயங்கி நிற்பவர்கள் இதை மனத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

பெயர், முகவரி, தொலைபேசி எண் எதையும் சொல்லச் சொல்லி அவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது. மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டில் ‘கொண்டுவந்தவர்’ என்று ஒரு கட்டம் இருக்கும்; அதை நிரப்பினால்தான் சிகிச்சை என்று சொல்வது விதிமீறல். உறவினர் அல்லாதவரிடம் பதிவுக் கட்டணமோ சேர்க்கைக் கட்டணமோ கேட்கக் கூடாது. உதவியவர் கேட்டால், இன்ன நேரத்தில் இன்னாரை இங்கே கொண்டுவந்து சேர்த்தார் என்று மருத்துவமனை ஒப்புகைச் சீட்டுத் தர வேண்டும். வேலைக்குத் தாமதமாகப் போய் மேலாளரிடம் விளக்கம் சொல்ல வேண்டியிருப்பவர்கள் அந்தச் சீட்டைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். இந்த உரிமைகளை எல்லோரும் பார்க்கும்படி நுழைவாயிலில் எழுதி வைக்க வேண்டும் என்பதும் விதிதான். உங்கள் ஊர் மருத்துவமனையில் அந்தப் பலகை இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

முன்பணம் கேட்பதற்கு இப்போது சாக்கும் இல்லை. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கான செலவை அரசு ஏற்கிறது. 2025 மே மாதத்தில் மத்திய அரசு அறிவித்த திட்டம் ஏழு நாள் வரை, ஒன்றரை லட்சம் ரூபாய் வரை பணமில்லாச் சிகிச்சைக்கு வழி செய்கிறது.

போலீஸ் தரப்பின் நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். மோதியவரே தூக்கி வந்து, வழிப்போக்கர் போல நடித்துவிட்டு நழுவும் சம்பவங்கள் உண்டு. விசாரணை அதிகாரி ஐயப்படுவதில் தவறில்லை. ஆனால் ஐயத்தைத் தீர்த்துக்கொள்ள விபத்து நடந்த இடமும், வண்டிகளில் உள்ள மோதல் தடயமும், சுங்கச்சாவடிக் கேமராக்களும் இருக்கும்போது, கையில் கிடைத்த மனிதரை உட்கார வைத்துவிடுவது சோம்பேறித்தனம். விபத்தை நேரில் கண்டவர் மட்டும் முகவரியைக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்கின்றன 2015-ன் நெறிமுறைகள். அவர் தானாகச் சாட்சி சொல்ல இசைந்தால், அவருக்கு வசதியான இடத்தில், வசதியான நேரத்தில், சீருடை அணியாமல் சென்று, ஒரே முறையில் வாக்குமூலத்தைப் பதிவு செய்து முடிக்க வேண்டும் என்று விதிகள் சொல்கின்றன. லோடு ஆட்டோ ஓட்டுநருக்கு நேர்ந்ததுபோல வண்டியை நிறுத்தி வைத்தால், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 503-ஆவது பிரிவின்படி மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போட்டு வண்டியை மீட்கலாம். மிரட்டிப் பெயரை வாங்கிய அரசு ஊழியர் மீது துறை நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும் நெறிமுறைகள் சொல்கின்றன. எனவே மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்து மூலமாகப் புகார் கொடுங்கள்; வாய்மொழிப் புகாருக்கு எந்தப் பதிவும் இருக்காது.

என் தொழிலோடு சேர்ந்த ஒரு எச்சரிக்கையையும் இங்கே சொல்ல வேண்டும். பணி மருத்துவர் “எப்படி ஆச்சு?” என்று கேட்கும்போது, பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்லாதீர்கள். பதற்றத்தில் “வண்டி சறுக்கி விழுந்துட்டார் போல” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், விபத்துப் பதிவேட்டில் அது ‘தானே விழுந்தது’ என்று ஏறிவிடும். ஏ.ஆர். காப்பி என்று நாங்கள் சொல்லும் அந்த நகலை, மாதங்கள் கழித்துக் காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் தீர்ப்பாயத்தில் காட்டி, வேறு எந்த வாகனமும் மோதவே இல்லை என்று வாதாடுவார். உயிரைக் காப்பாற்றிய வாயாலேயே அந்தக் குடும்பத்தின் இழப்பீடு பறிபோவதைப் பார்த்திருக்கிறேன். “கிடந்தார், கொண்டு வந்தேன், எப்படி நடந்தது என்று தெரியாது” என்று மட்டும் சொல்லுங்கள். மோதிவிட்டுப் போன வண்டியின் எண்ணைப் பார்த்திருந்தால், அதை மட்டும் கட்டாயம் சொல்லிவிட்டுப் போங்கள்.

2022-ல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த ஆண்டு நம் மாநிலம்தான் நாட்டிலேயே முதலிடத்தில் இருந்தது. உதவுகிறவர்களுக்கு மத்திய அரசு 2021-ல் 5,000 ரூபாய்ப் பரிசை அறிவித்தது, பின்னர் அதை 25,000 ரூபாயாக உயர்த்தியது. நல்ல நோக்கம்தான். ஆனால் நான் பேசிப் பார்த்தவர்களில் யாரும் பரிசு கேட்கவில்லை. சேர்த்த பிறகு வீட்டுக்குப் போகவிட்டால் போதும் என்றுதான் கேட்டார்கள்.

இந்தப் பாதுகாப்புக்கு ஓர் எல்லை உண்டு. அது எனக்கு ஆற்றாமை தருகிறது. 134ஏ மோட்டார் வாகன விபத்துக்கு மட்டுமே பொருந்தும். என்னிடம் வந்த ஒரு பேருந்து ஓட்டுநரின் நிலையைக் கேளுங்கள். பயணி ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருக்கையில் சரிந்ததும், மற்ற பயணிகளின் சம்மதத்தோடு பேருந்தை நேராக அரசு மருத்துவமனைக்கே விட்டார். பயணி பிழைத்துக்கொண்டார். ஓட்டுநருக்கு மெமோ வந்தது. அனுமதியின்றி வழித்தடம் மாறி இயக்கியது, நேர இழப்பு, கூடுதல் டீசல் செலவு என்று மூன்று குற்றச்சாட்டுகள். ஆபத்தில் இருப்பவரைக் காக்க நல்லெண்ணத்தோடு செய்யும் சிறு மீறலைக் குற்றமாகக் கொள்ளக் கூடாது என்ற கொள்கை, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 19-ஆவது பிரிவில் இருக்கிறது. குற்றவியல் சட்டத்துக்கே இருக்கும் இந்த நிதானம் துறை விசாரணைகளுக்கு இல்லை. அங்கே விதியை மீறினாயா, இல்லையா என்ற ஒரே கேள்விதான். எழுத்து மூலமாக விளக்கம் கொடுத்தோம். கடைசியில் அவரை ‘எச்சரித்து’ விட்டார்கள். அந்த எச்சரிக்கை அவருடைய பணிப்பதிவேட்டில் ஏறியிருக்கிறது, நாளைக்குப் பதவி உயர்வின்போது அதைப் புரட்டிப் பார்ப்பார்கள்.

அதை நீக்கக் கோரி மேல்முறையீடு செய்திருக்கிறோம். பயணியின் உயிருக்கு ஆபத்து என்றால் அருகிலுள்ள மருத்துவமனைக்குப் பேருந்தைத் திருப்பலாம், ஓட்டுநரும் நடத்துநரும் பின்னர் தகவல் தந்தால் போதும் என்று ஒரு பத்திச் சுற்றறிக்கையை எல்லாப் பணிமனைகளுக்கும் அனுப்ப வேண்டும் என்பதையும் அந்த மனுவிலேயே கேட்டிருக்கிறோம்.