700 மெகாபைட்டுக்குள் ஒரு திரைப்படம்: இதில் சப்டைட்டிலின் பங்கு எவ்வளவு?

இரண்டு மணி நேரத் திரைப்படம் ஒன்றை 700 மெகாபைட்டுக்குள் அடக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இந்த எண் சி.டி. காலத்தின் மிச்சம், நாமே எழுதிக்கொள்ளும் சி.டி. ஒன்றின் கொள்ளளவு அதுவாக இருந்ததால் படங்களை அந்த அளவுக்குச் சுருக்கும் பழக்கம் வந்தது. இன்று எஃப்.ஏ.டி.32 முறையில் அமைந்த பென்டிரைவ் ஒரு கோப்புக்கு விதிக்கும் 4 ஜிகாபைட் வரம்பு போன்ற வேறு காரணங்கள் வந்துவிட்டன. கணக்கு மட்டும் மாறவில்லை. ஒரு வினாடிக்குச் செலவாகும் பிட்டுகளின் எண்ணிக்கையை, அதாவது பிட்ரேட்டை, மொத்த வினாடிகளால் பெருக்கினால் கிடைப்பதே கோப்பின் அளவு. அளவு முன்பே முடிவாகிவிட்டால் பிட்ரேட்டும் முடிவாகிவிடுகிறது. ஒரு பைட்டுக்கு 8 பிட் என்பதால் 700 மெகாபைட் என்பது சுமார் 587 கோடி பிட். அதை 7,200 வினாடிகளுக்குப் பங்கிட்டால் வினாடிக்கு 815 கிலோபிட் கிடைக்கும். காட்சி, ஒலி, சப்டைட்டில் மூன்றும் இதற்குள் குடித்தனம் நடத்தியாக வேண்டும்.

முதலில் ஒலியின் பங்கைத் தனியே எடுத்து வைப்பது நல்லது. மூலக் கோப்பில் 640 கிலோபிட் வேகத்தில் ஆறு தட ஒலி இருந்து, அதை அப்படியே வைத்துக்கொண்டால், ஒலி மட்டுமே ஏறத்தாழ 550 மெகாபைட்டைத் தின்றுவிடும். காட்சிக்கு எஞ்சுவது வினாடிக்கு 175 கிலோபிட்தான். அதையே ஏ.ஏ.சி. என்ற ஒலிச் சுருக்க முறையில் இருதட ஒலியாக 128 கிலோபிட்டுக்கு மாற்றினால் காட்சிக்குச் சுமார் 680 கிலோபிட் மிஞ்சும். சப்டைட்டிலின் பங்கோ சிரிப்பூட்டும் அளவுக்குச் சிறியது. யூனிகோட் எழுத்துகளை யு.டி.எஃப்.-8 முறையில் சேமிக்கும்போது தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட் எடுத்துக்கொள்கிறது. ‘கு’ என்பது ககரமும் உகரக் குறியும் சேர்ந்தது என்பதால் 6 பைட். இப்படித் தாராளமாகக் கணக்கிட்டாலும் ஆயிரத்து ஐந்நூறு வசனங்களும் அவற்றின் நேரக் குறிப்புகளும் கால் மெகாபைட்டைத் தாண்டுவது அரிது. படத்தின் இரண்டரை வினாடிக்கு ஆகும் இடம் அது.

ஆகவே நெருக்கடி முழுவதும் காட்சியின் தலையில்தான் விழுகிறது. 1920க்கு 1080 பிக்சல் கொண்ட காட்சியை, நிறத்தை மட்டும் வழக்கம்போல் நான்கு பிக்சலுக்கு ஒரு மதிப்பாக வைத்து, வேறு எந்தச் சுருக்கமும் இன்றி வினாடிக்கு 24 பிரேம் வீதம் சேமித்தால் வினாடிக்கு 597 மெகாபிட் ஆகும். நம்மிடம் இருப்பது அதில் ஏறத்தாழ 880இல் ஒரு பங்குதான். இந்த இடைவெளியைக் கோடெக், அதாவது காட்சியைச் சுருக்கவும் விரிக்கவும் செய்யும் முறை, இரண்டு வழிகளில் கடக்கிறது. அடுத்தடுத்த பிரேம்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால், முழுப் படமாகச் சில பிரேம்களை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவற்றை ‘இந்தக் கட்டம் முந்தைய பிரேமிலிருந்து இவ்வளவு தூரம் நகர்ந்தது, இவ்வளவு வேறுபட்டது’ என்ற குறிப்புகளாக எழுதுகிறது. மீதமுள்ள வேறுபாட்டைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, மெதுவாக மாறும் சாயல்களாகவும் சட்டென்று மாறும் நுண் விவரங்களாகவும் பகுத்து, கண் எளிதில் கவனிக்காத நுண் விவரங்களைத் தோராயப்படுத்திவிடுகிறது. இந்தப் பகுப்புக்கு அடிப்படையான கொசைன் உருமாற்றத்தை 1974இல் வெளியிட்டவர்கள் நாசிர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகிய மூவர். 2003இன் எச்.264 முதல் 2013இன் எச்.265 வரையிலான காட்சிச் சுருக்கத் தரநிலைகள் அதன் வழிவந்த வடிவங்களையே பயன்படுத்துகின்றன.

எவ்வளவு தோராயப்படுத்துவது என்பதில்தான் இலக்கு அளவின் சூட்சுமம் இருக்கிறது. தரத்தை நிலையாக வைத்துச் சுருக்கினால் படம் நன்றாக வரும், அளவு மட்டும் முடிந்த பிறகே தெரியும். மழையும் கூட்டமும் நிறைந்த படம் அறைக்குள் இருவர் பேசும் படத்தைவிடப் பல மடங்கு பெரிதாக வரக்கூடும். எனவே அளவு முக்கியம் என்றால் இருமுறை ஓட்டம் தேவைப்படுகிறது. முதல் ஓட்டத்தில் மென்பொருள் படம் முழுவதையும் பார்த்து, எந்தப் பிரேம் எவ்வளவு சிக்கலானது என்று குறித்துக்கொள்கிறது. இரண்டாவது ஓட்டத்தில், சராசரி 680 கிலோபிட்டுக்கு மேல் போகாதபடி, அமைதியான காட்சிகளில் மிச்சம் பிடித்ததைப் பரபரப்பான காட்சிகளுக்குச் செலவிடுகிறது. அப்படியும் கட்டங்கட்டமாகத் தெரிந்தால், பிடிவாதமாக 1080இலேயே நிற்பதைவிட 720க்கோ 480க்கோ இறங்குவது மேல் என்பது என் கருத்து. பிக்சல் குறைந்தால் ஒவ்வொரு பிக்சலுக்கும் கிடைக்கும் பிட் கூடுகிறது.

இவ்வளவும் செய்து முடித்துப் படத்தைத் திறந்தால் சப்டைட்டில் காணாமல் போயிருக்கும். பலரும் இதைச் சுருக்கத்தின் விளைவு என்றே நினைக்கிறார்கள். உண்மையில் அது பெட்டி மாற்றும்போது நேர்ந்த இழப்பு. எம்.கே.வி., எம்.பி.4 என்பவை கோடெக்குகள் அல்ல. காட்சி, ஒலி, எழுத்து ஆகிய ஓடைகளை நேரப்படி அடுக்கி வைக்கும் பெட்டிகள். எம்.கே.வி. ஏறத்தாழ எல்லா வகைச் சப்டைட்டிலையும் ஏற்கும். எழுத்துருவைக்கூட உடன் இணைத்துவிடலாம். எம்.பி.4 தனக்கே உரிய எளிய எழுத்து வடிவத்தைத்தான் விரும்புகிறது. எஃப்.எஃப்.எம்பெக் போன்ற கருவி, நாம் வெளிப்படையாகச் சொல்லாவிட்டால், ஒவ்வொரு வகையிலும் ஒரு ஓடைக்கு மேல் எடுத்துக்கொள்வதில்லை. ஆகவே எல்லா ஓடைகளையும் சேர்க்கும்படியும், சப்டைட்டிலை மாற்றாமல் நகலெடுக்கும்படியும் கட்டளையிட்டு, எம்.கே.வி.யாகச் சேமித்தால் ஒரு வரியும் தொலையாது. வசனங்கள் பிரேம் எண்ணால் அன்றி மணி, நிமிடம், வினாடியால் குறிக்கப்பட்டிருந்தால், படத்தின் நீளமும் வேகமும் மாறாதவரை அவை பிசகுவதும் இல்லை. புளூ-ரேயிலிருந்து வரும் சப்டைட்டில் மட்டும் விதிவிலக்கு: அது எழுத்தாக இல்லாமல் சிறு சிறு படங்களாக இருப்பதால் சில பத்து மெகாபைட் எடுக்கும், அதையும் கணக்கில் முன்கூட்டியே கழித்துவிட வேண்டும்.

எழுத்தைக் காட்சியின் மேலேயே பதித்துவிட்டால் தொலையும் பயமே இல்லை, ஆனால் அதற்கு விலை உண்டு. எழுத்தின் விளிம்பு என்பது சட்டென்று மாறும் நுண் விவரம், அதாவது சுருக்கம் முதலில் கைவைக்கும் இடம்; பிட் குறைவாக இருக்கும்போது எழுத்தைச் சுற்றிக் கொசு மொய்ப்பதுபோல் கறை படர்கிறது. நிறத்தை நான்கு பிக்சலுக்கு ஒரு மதிப்பாகவே சேமிப்பது வழக்கம் என்பதால் மஞ்சள், சிவப்பு எழுத்துகளின் ஓரம் மேலும் கசியும். தமிழ் வாசகருக்கு மட்டும் பதிப்பதற்கு ஒரு நியாயமான காரணம் இருக்கிறது. யூனிகோடில் ‘கொ’ என்பது முதலில் ககரம், பிறகு ஒகரக் குறி என்றே சேமிக்கப்படுகிறது. கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் பிரித்து வரைவது திரையில் காட்டும் மென்பொருளின் பொறுப்பு. அந்தத் திறன் இல்லாத தொலைக்காட்சியில் கொம்பு இடம் மாறி நிற்கும், அல்லது வெறும் கட்டங்கள் தெரியும். எனவே இரண்டு மணி நேரப் படத்தைச் சுருக்கத் தொடங்கும் முன், ‘கொ’வும் ‘கை’யும் வரும் ஓரிரு வரிகளுடன் ஒரு நிமிடத் துண்டைத் தயாரித்து அந்தத் தொலைக்காட்சியிலேயே ஓட்டிப் பார்த்துவிட்டால், பதிக்க வேண்டுமா, தனி ஓடையாகவே விடலாமா என்பது தெரிந்துவிடும்.