போர்ட்ரெய்ட் லென்ஸ் நட்சத்திரங்களைப் பிடிப்பது எப்படி?

பகலில் மணமக்களின் முகங்களை எடுத்த 85 மி.மீ. லென்ஸை இரவானதும் பைக்குள் வைத்துவிட்டு, வானத்துக்கு 24 மி.மீ. அகலக்கோண லென்ஸை மாட்டுவதுதான் பலரின் வழக்கம். பால்வீதியும் அடிவானமும் ஒரே படத்தில் வேண்டுமென்றால் அது சரி. ஆனால் நட்சத்திர ஒளியை வாங்குவதில் போர்ட்ரெய்ட் லென்ஸுக்கு அது ஈடாகாது.

எஃப் எண் என்பது குவியத்தூரத்தை (லென்ஸின் பெயரில் வரும் மி.மீ.) துளையின் விட்டத்தால் வகுத்து வருவது. 85 மி.மீ. லென்ஸை எஃப் 1.8-இல் வைத்தால் ஒளி நுழையும் துளையின் விட்டம் 47 மி.மீ. 24 மி.மீ. லென்ஸில் எஃப் 2.8 வைத்தால் 8.6 மி.மீ.தான். பரப்பளவில் 30 மடங்கு வித்தியாசம்!

முகத்தை எடுக்கும்போது இது தெரிவதில்லை. நீண்ட லென்ஸ் அதிக ஒளியை வாங்கினாலும், முகத்தையும் பெரிதாக்கி அந்த ஒளியைக் கூடுதல் பிக்சல்களில் பரப்பிவிடுகிறது. அதனால்தான் எஃப் எண் ஒன்றாக இருந்தால் எந்த லென்ஸிலும் எக்ஸ்போஷர் (படத்தில் பதியும் வெளிச்ச அளவு) ஏறக்குறைய ஒன்றாக வருகிறது. நட்சத்திரம் அப்படியல்ல. எவ்வளவு பெரிதாக்கினாலும் அது புள்ளிதான். வாங்கிய ஒளி முழுவதும் சில பிக்சல்களிலேயே விழும். பின்னணி வானமோ முகத்தைப் போலப் பரந்த பொருள், எஃப் எண்ணுக்குத்தான் கட்டுப்படும். ஆகவே நகர வெளிச்சம் கலந்த வானத்தில்கூட, அகலக்கோண லென்ஸில் காணாமல்போகும் மங்கலான நட்சத்திரங்கள் 85 மி.மீ.-இல் துலங்கும். கார்த்திகைக் கூட்டத்தை ஒருமுறை எடுத்துப் பார்த்தால் போதும்.

சிக்கல் ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தில்தான். பூமி சுழல்வதால், வான நடுக்கோட்டை ஒட்டிய நட்சத்திரம் நொடிக்கு 15 ஆர்க் செகண்ட் நகர்கிறது (ஒரு டிகிரிக்கு 3,600 ஆர்க் செகண்ட்). 6 மைக்ரான் பிக்சல் உள்ள சென்சாரில், 24 மி.மீ. லென்ஸுக்கு ஒரு பிக்சலின் அகலம் 52 ஆர்க் செகண்ட், 85 மி.மீ.-க்கு 15 தான். அதாவது நொடிக்கு ஒரு பிக்சல் நகர்வு. 500-ஐக் குவியத்தூரத்தால் வகுக்கும் பழைய விதியை நம்பி 6 நொடி வைத்தால் புள்ளி கோடாகிவிடும். 3 நொடியோடு நிறுத்துங்கள். துருவ நட்சத்திரத்தின் பக்கம் நகர்வு மிகக் குறைவு, அங்கே தாராளமாகக் கூட்டலாம்.

3 நொடி ஒளி போதாது. அதற்காகப் பல படங்களை எடுத்து அடுக்க வேண்டும். 36 படங்களைக் கூட்டினால் நட்சத்திர ஒளி 36 மடங்காகும், தற்செயலான நாய்ஸ் (படத்தில் தெரியும் புள்ளிப்புள்ளியான இரைச்சல்) அதன் வர்க்கமூலமான 6 மடங்கே ஆகும். அந்த 108 நொடிகளில் வானம் ஏறக்குறைய முழுநிலவின் அகலத்துக்கு நகர்ந்திருக்கும். அடுக்கும் மென்பொருள் நட்சத்திரங்களை அடையாளம் கண்டு ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்திவிடும். கடைசியில் லென்ஸ் மூடியைப் போட்டு, அதே 3 நொடியில், அதே ஐஎஸ்ஓவில் (சென்சாரின் ஒளியுணர் அளவு) 15, 20 படங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். ஹாட் பிக்சல்களை (ஒளி படாமலேயே மினுக்கும் பிக்சல்கள்) கழிக்க அவை வேண்டும்.

ரா ஃபைல் (கேமரா மெருகேற்றாத மூலப்படம்), மேனுவல் மோட், ஐஎஸ்ஓ 3200, டிரைபாட், 2 நொடி டைமர். கை நடுக்கத்தைச் சரிசெய்யும் ஸ்டெபிலைசேஷனை அணைத்துவிடுங்கள். எஃப் 1.8-இல் ஓரத்து நட்சத்திரங்களுக்குச் சிறகு முளைத்தால் எஃப் 2.2-க்கு இறக்குங்கள். அப்போதும் 39 மி.மீ. துளை கையில் இருக்கிறது.

அதிகம் சொதப்புவது ஃபோகஸில்தான். லென்ஸில் உள்ள முடிவிலிக் குறியை நம்பவே கூடாது. லைவ் வியூவில் பிரகாசமான ஒரு நட்சத்திரத்தை 10 மடங்கு பெரிதாக்கி, ஃபோகஸ் வளையத்தை மயிரிழை மயிரிழையாகத் திருப்புங்கள். ஊதியிருந்த வட்டம் சுருங்கிக்கொண்டே வரும். மிகச் சிறிதாகும் இடத்தில், அதுவரை இல்லாத மங்கலான நட்சத்திரங்கள் பக்கத்தில் திடீரென முளைக்கும். அதுதான் இடம். சற்றுத் தாண்டினாலும் அவை மறைந்துவிடும். அங்கேயே டேப் ஒட்டுங்கள். இரவு குளிரக் குளிர லென்ஸ் சுருங்கி ஃபோகஸ் நகரும் என்பதால் அரை மணிக்கு ஒருமுறை மறுபடி பாருங்கள்.

அப்படிப் பார்க்கும்போது நட்சத்திரங்களைச் சுற்றி மூட்டமாக இருந்தால், வளையத்தைத் தொடுவதற்கு முன் முன்கண்ணாடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். திறந்த வானத்துக்கு வெப்பத்தை இழந்த கண்ணாடி காற்றைவிடக் குளிர்ந்து, பனி படிந்திருக்கும். துடைத்தால் சில நிமிடங்களில் மீண்டும் படியும். லென்ஸைச் சுற்றிக் கட்டும் யுஎஸ்பி ஹீட்டர் பட்டையைப் பனி படிவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும்; போட்டு, கண்ணாடியின் வெப்பம் நிலைத்த பிறகே ஃபோகஸ் வைக்க வேண்டும்.