பீர் டூரிசம்: தமிழில் என்ன சொல்லலாம்?

பீர் டூரிசம், ப்ரூவரி டூர், ஏல் டிரெயில் என்று பெயர் பல இருந்தாலும் விஷயம் ஒன்றுதான். ஒரு வட்டாரத்துக்குப் போய், அங்குள்ள சிறு பீர் ஆலைகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்து, காய்ச்சியவரிடமே பேசி, அதன் வழியாக அந்த ஊரைத் தெரிந்துகொள்வது. பார் பாராக ஏறி இறங்குவது இதில் சேராது. காய்ச்சுகிற இடத்துக்கே போக வேண்டும்.

பாட்டில்தான் எங்கும் கிடைக்கிறதே என்று கேட்கலாம். பெல்ஜியத்தில் பிரஸ்ஸல்ஸை ஒட்டிய சென் ஆற்றுப் பள்ளத்தாக்கில் லாம்பிக் என்று ஒரு பீர் உண்டு. கொதித்த தானியச் சாற்றை அகலமான, ஆழமில்லாத தொட்டியில் ஊற்றிக் குளிர்கால இரவு முழுக்கத் திறந்தே வைப்பார்கள். ஈஸ்ட் எதுவும் போடுவதில்லை. காற்றிலும் கட்டடத்து மரத்திலும் குடியிருக்கும் காட்டு ஈஸ்ட் தானாக இறங்கி நொதிக்க வைக்கும். அந்தத் தொட்டியின் பக்கத்தில் நின்றால்தான் ஊருக்கும் பீருக்கும் உள்ள உறவு புரியும். ஜெர்மனியின் பாம்பெர்க் போனால் விறகுப் புகையில் உலர்த்திய மால்ட்டின், அதாவது முளைகட்டிய தானியத்தின், வாசம். செக் நாட்டு பில்சனில் 1842-இல் பிறந்த பொன்னிற பீருக்கு அவ்வூரின் உப்புக் குறைந்த நீரும் ஒரு காரணம். பாம்பெர்குக்குப் பக்கத்தில் அவுஃப்செஸ் என்ற சிற்றூர் இருக்கிறது. நான்கு ஆலைகளை இணைத்து, சுமார் 14 கிலோமீட்டருக்கு நடைபாதையே போட்டிருக்கிறார்கள்.

சரி, சொல்லுக்கு வருவோம். ‘டூர்’ என்பது கடைசல் கருவியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லில் தொடங்கி, லத்தீன், பிரெஞ்சு வழியாக வந்தது. சுழல்வதுதான் அடிப்படைப் பொருள். அதனால் ‘சுற்றுலா’ அச்சாகப் பொருந்துகிறது. ‘ப்ரூ’ பழைய ஜெர்மானியச் சொல். அதன் வேருக்குக் கொதித்தல், குமிழிடுதல் என்று பொருள்.

இங்கேதான் நம் மொழிபெயர்ப்புகள் சறுக்குகின்றன. ப்ரூவரிக்கு ‘வடிசாலை’, ‘மதுவடிப்பாலை’ என்றெல்லாம் எழுதுகிறார்கள். வடிப்பது சாராயத்தை. ஆவியாக்கிக் குளிரவைக்கும் அந்த வேலை பீரில் கிடையாது.

‘கிராஃப்ட் பீர்’ என்பதில் வரும் ‘கிராஃப்ட்’டுக்குக் ‘கைவினை’ என்று போடுவதிலும் எனக்கு உடன்பாடில்லை. அந்தச் சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்தில் வலிமை என்றும் திறமை என்றும் பொருள். பீரைப் பொறுத்தவரை இன்று அது அளவையும் உடைமையையும் குறிக்கிறது. பீர் ஆலைகளின் சங்கமான அமெரிக்க ப்ரூவர்ஸ் அசோசியேஷன் கணக்கில் கிராஃப்ட் ஆலை என்றால் ஆண்டுக்கு 60 லட்சம் பீப்பாய்க்கு மிகாமல் காய்ச்ச வேண்டும். அதில் கிராஃப்ட் ஆலையல்லாத மது நிறுவனத்தின் பங்கு 25 விழுக்காட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். 60 லட்சம் பீப்பாய் என்றால் சுமார் 70 கோடி லிட்டர். இதில் எங்கே கைவினை? ஆனால் நாம் தேடிப்போகிற ஆலைகள் உண்மையிலேயே சின்னவை. ‘சிற்றாலை’ போதும்.

பீருக்கே ஒரு பழஞ்சொல் இருக்கிறது: தோப்பி. நெல்லிலிருந்து சமைத்த கள். சங்க இலக்கியமான பெரும்பாணாற்றுப்படை அதை ‘இல்லடு கள்’ என்கிறது, அதாவது வீட்டில் அட்ட கள். அடுதல் என்றால் சமைத்தல். ‘ப்ரூ’வின் அடுப்பு வாசம் அப்படியே இதிலும் இருக்கிறது. அதே நூலில் இன்னோர் இடத்தில் செய்முறையே வருகிறது. அரிசிக் கூழை ‘மலர்வாய்ப் பிழா’வில், அதாவது வாயகன்ற தட்டில், ஆற்றுகிறார்கள். பிறகு ‘நல்லடை’யைக் கலக்கிறார்கள், முளைநெல்லை இடித்தது என்று இதற்குப் பொருள் சொல்வார்கள். இரண்டு பகல், இரண்டு இரவு கழித்துச் சாடியில் விளையவிடுகிறார்கள். முளைநெல் என்றால் மால்ட்தானே! அகன்ற தட்டில் ஆற்றுவது லாம்பிக் தொட்டியை நினைவூட்டவில்லையா?

ஆக என் தேர்வு ‘தோப்பி உலா’. தோப்பி நெல்லில் செய்தது, பீர் பார்லியில் செய்வது என்று ஒரு தடை எழும். கோதுமை பீரும் பீர்தான், அரிசி சேர்த்துக் காய்ச்சும் அமெரிக்க லாகரும் பீர்தான், ஆகவே அதைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை. தோப்பி வாயில் நுழையாதவர்கள் ‘பீர் உலா’ என்று சொல்லிவிட்டுப் போகட்டும். அப்புறம், எந்த ஆலைக்குப் பிறகு எந்த ஆலை என்று காட்டும் டிரெயில் மேப்புக்குப் பெயர் தேடி அலையவே வேண்டாம். வழிகாட்டும் பாட்டுக்குப் பழைய பெயரான ‘ஆற்றுப்படை’ கையிலேயே இருக்கிறது.